வெண்ணலில் இருப்பவள்

வெண்ணல் என்ற நாட்டில் அப்போது உமையாள் ஒருத்திதான் வசித்தாள்.

தீவு மூழ்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மிச்சம் இருந்தது, பவளப்பாறையில் தூண்களை இறக்கிக் கட்டிய ஒரு மேடை. அதன்மேல் இரண்டு அறைகள், ஒரு சமையல்கட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ஒரு கொடிக்கம்பம். கடல் வற்றும் நேரத்தில் மேடைக்குக் கிழக்கே கறுப்பாக ஒரு பாறைத் திட்டு தலைகாட்டும். சட்டப்படி அதுதான் நாட்டின் நிலம். மற்ற ஜனங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் தூத்துக்குடி, கொழும்பு, டர்பன், பெர்த் என்று சிதறிக் கிடந்தார்கள். எல்லோர் கையிலும் இருந்தது வெண்ணல் பாஸ்போர்ட். வெண்ணல் நாடாக இருக்கும்வரைதான் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு.

தீவு தீவாக இருந்த காலத்தில் உமையாள் குடிநீர் நிலையத்தில் மெக்கானிக். முறை வைத்து ஒவ்வொருவராக வருடத்துக்கு ஒருவர் மேடையில் இருக்கலாம் என்று முடிவானபோது, இயந்திரம் தெரிந்தவள் என்று அவளை முதலில் கேட்டார்கள். "ஒரு வருஷம்தானே, போயிட்டு வா" என்றார் அவள் கணவர் வேலப்பன். இது நான்காவது வருடம்.

மாதம் ஒருமுறை பெருந்தீவிலிருந்து பார்வையாளர் ஒருவர் வருவார். பெருந்தீவுதான் பக்கத்து நாடு. வெண்ணல் இல்லாமல் போனால் வெண்ணலின் கடல் முழுவதும் அவர்களுடையது. அதனால் அங்கே நிஜமாகவே ஆள் வசிக்கிறாரா என்று வந்து பார்க்க அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது சர்வதேச நீதிமன்றம்.

பழைய பார்வையாளர் ஓய்வு பெற்று, புதியவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையை உள்ளே விட்டு, காலில் ஷூவோடு ஏணியில் ஏறினார்.

"வழுக்கும், பார்த்து ஏறுங்க" என்றாள் உமையாள்.

"என் பேர் ரெஜினால்டு, மேடம். பெருந்தீவு வெளியுறவுத் துறை." அவருடைய தமிழில் பெருந்தீவின் இழுப்பு இருந்தது. "மன்னிக்கணும். உங்க படுக்கை, சமையல்கட்டு எல்லாம் பார்க்கணும்."

"தாராளமா. நாடு பூராவும் சுத்திப் பாருங்க. டீ கொதிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, டீ குடிக்க உட்கார்ந்தார்.

"நான் ஒருத்தி இருந்தா போதும்னு உங்க ஊர்ல மனசார ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. கோர்ட் சொன்னதால சும்மா இருக்காங்க. ஒரு நாடுன்னா நாலு விஷயம் வேணும். நிலம், அதுல நிலையா வாழற ஜனம், அரசாங்கம், மத்த நாடுகளோட உறவு வச்சுக்கற தகுதி. நிலத்துக்குப் பாறை இருக்குன்னுட்டாங்க. அரசாங்கத்துக்கு உங்க சர்க்கார் இருக்கு. ஜனத்துக்கு நீங்க. எத்தனை பேர் இருக்கணும்னு எந்தச் சட்டத்திலயும் எழுதலையே."

"நாலாவது?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேனே" என்றார் ரெஜினால்டு.

சர்க்கார் என்று அவர் சொன்னது ஒரு கணினி நிரல். மூன்று நாடுகளில் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களில் ஓடியது. பாஸ்போர்ட் கொடுப்பது, மீன்பிடி உரிமம் கொடுப்பது, மற்ற நாடுகளின் கடிதங்களுக்குப் பதில் போடுவது எல்லாம் அதுதான். வெளியுறவு அமைச்சர் சற்குணம் கொழும்பில் ஒரு வாடகை அறையிலிருந்து அதற்குத் தலையாட்டுவார். மேடையில் அதற்கு ஒரு ஒலிபெருக்கி உண்டு. சர்க்கார் என்று தீவுக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது மட்டும் எப்போதும் செந்தமிழில் பேசும்.

ரெஜினால்டின் படகு போனபின், கழுவிய டம்ளர்களை உமையாள் கவிழ்த்து வைத்தாள். இரண்டு டம்ளர் கழுவுகிற நாள் மாதத்தில் ஒன்றுதான்.

சாமான் கொண்டுவரும் படகுக்காரர்கள் மேலே ஏற மாட்டார்கள். ஏறினால் வெளிநாட்டுப் பிரவேசம், சர்க்கார் பதிவு செய்ய வேண்டும், அவர்களுக்கு அது தொல்லை. பெட்டிகளைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையசைப்பார்கள். பகலில் அவள் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பாள். தொலைவில் போகும் கப்பல்களில் யார் யாரோ என்னென்ன மொழியிலோ பேசிக்கொள்வார்கள். ஒரு கப்பல்காரன் இன்னொரு கப்பல்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தால் இவளும் சிரிப்பாள். மாதம் ஒரு அறை என்று மாற்றி மாற்றிப் படுப்பாள். போர்வையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு எட்டடி நடந்து, ஊர் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் ஆனால் வேலப்பனோடு வீடியோவில் பேச்சு. அவர் தூத்துக்குடியில், மகள் நிறைமதியோடு இருந்தார். மகளுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்தப் பேச்சுக்காகவே உமையாள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்வாள். படம் தாமதமாக வரும், குரல் அதற்கும் தாமதமாக வரும். பழகிவிட்டது.

மூன்றாவது வருடத்தில் ஒருநாள் வேலப்பன் அவளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரே பேச்சில் சாப்பிட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் அவள் முதல் தடவை போலவே பதில் சொன்னாள். தீவில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகணும் என்று ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு நின்றாராம். மருத்துவர் பார்த்துவிட்டு நோயின் பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

ஒருநாள் மகள் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, நேத்து அப்பா என்னைப் பார்த்து நர்ஸான்னு கேட்டார். உன்னை மட்டும் இன்னும் தெரியுது. எத்தனை நாளைக்குன்னு டாக்டராலயும் சொல்ல முடியல. வரதுன்னா இப்பவே வா."

உமையாள் சற்குணத்தைக் கூப்பிட்டாள். தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பச் சொன்னாள்.

"டர்பன்லேர்ந்து ஒரு பையன் வரேன்னான்மா. இப்ப கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம், முடியாதுங்கறான். அதுக்கு முன்னாடி பெர்த்ல ஒரு அம்மா. அவங்க பிள்ளைங்க விடலை. நான் கேக்காத வீடு இல்ல."

"நான் கிளம்பிட்டா?"

"ஒரு நாள் ஆள் இல்லைன்னாலும் பெருந்தீவு மனு போட்ருவான். மனு போட்டா நாம தோத்துருவோம். நீங்க போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. ஆனா உங்க பொண்ணோட வேலை, அவ அங்க தங்கற அனுமதி, உங்க வீட்டுக்காரரோட வைத்தியம், எல்லாம் அந்தப் பாஸ்போர்ட்லதான் ஓடுது. அதை மட்டும் யோசிச்சுக்குங்க."

யாரைப் பார்க்கப் போகிறாளோ அவர்களுக்கே ஊர் இல்லாமல் போகும். பகல் முழுவதும் அவள் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் கிளம்பினா நீ தடுப்பியா?"

"தங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றது சர்க்கார். "தாங்கள் வெளியேறியதைப் பதிவு செய்வேன். அதற்குப் பின் நான் எதன் அரசாங்கம் என்பது எனக்குத் தெளிவாக இராது."

"உனக்கு அது கஷ்டமா இருக்குமா?"

"கஷ்டத்தைப் பதிவு செய்ய என்னிடம் படிவம் இல்லை."

ரெஜினால்டு இதற்குள் பலமுறை வந்து போயிருந்தார். ஷூவை விட்டுச் செருப்புக்கு மாறியிருந்தார். வரும்போது பச்சை மிளகாய், முருங்கைக்காய், ஒருமுறை டப்பாவில் நட்ட கறிவேப்பிலைக் கன்று என்று ஏதாவது கொண்டு வருவார். அந்நிய அதிகாரி கொடுக்கும் அன்பளிப்பு என்று சர்க்கார் ஒவ்வொன்றையும் பதிவு செய்யும். மேடம் என்பது போய் அக்கா என்று ஆகியிருந்தது.

அந்தமுறை அவர் வந்தபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. சமையல்கட்டைப் பார்வையிட்டுவிட்டு வெளியே வந்து, "உடம்பு சரியில்லையா அக்கா?" என்றார்.

அவள் வேலப்பனைப் பற்றிச் சொன்னாள். ஏணியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"நீங்க போயிட்டு வாங்க. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு நான் எழுதிடறேன்."

"அதைக் கண்டுபிடிச்சா உங்களை ஜெயில்ல போடுவாங்க. தவிர, இதுவும் ஒண்ணு இருக்கே" என்று ஒலிபெருக்கியைக் காட்டினாள். "இதுக்குப் பொய் சொல்ல வராது. யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிரும்."

"எங்க மேலதிகாரி ஒவ்வொரு தடவையும் முதல்ல கேக்கறதே, அந்த அம்மா கிளம்பற மாதிரி இருக்கான்னுதான்" என்றார் ரெஜினால்டு. "இந்தத் தடவை அவர்கிட்ட என்ன சொல்றது?"

"அவ எங்கயும் போகலைன்னு சொல்லுங்க."

அவர் டீ குடிக்காமலே போனார்.

அடுத்த மாதம் படகு வந்தபோது அவர் தோளில் ஒரு பெரிய பை. ஏணியில் ஏறி, பையை அறை வாசலில் வைத்தார். பார்வையிடும் வேலை எதையும் செய்யவில்லை. நேரே ஒலிபெருக்கியிடம் போனார்.

"வெண்ணல் குடியுரிமைக்கு யார் விண்ணப்பிக்கலாம்?"

"வெண்ணலில் நிலையாக வசிக்க விரும்பும் எவரும் விண்ணப்பிக்கலாம்" என்றது சர்க்கார். "நாட்டில் வசிக்கும் குடிமக்களில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொள்ள வேண்டும்."

உமையாள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்றீங்க ரெஜினால்டு? உங்க நாட்டுல ரெண்டு குடியுரிமை கிடையாது."

"தெரியும்க்கா."

"திரும்பிப் போக முடியாது. வேலை, வீடு, எல்லாம் போயிடும். துரோகின்னு சொல்லுவாங்க."

"ஆமா, சொல்லுவாங்க." பையின் வாரை முறுக்கிக்கொண்டே பேசினார். "என் மனைவி பிரிஞ்சு போய் ரொம்ப நாளாச்சு. பிள்ளைங்க இல்ல. அப்பா அம்மாவும் போயாச்சு. அரசாங்கக் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். போன வருஷம் காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்துட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியல, லீவுன்னு நினைச்சுட்டாங்க. அங்க நான் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது அக்கா. இங்க நான் இல்லாட்டி ஒரு நாடே இருக்காது."

"ஆரம்பத்துல அப்படித்தான் தோணும்" என்றாள் உமையாள். "எனக்கும் தோணிச்சு. கொடியை ஏத்தறப்பல்லாம் மார் நிமிரும். அப்புறம் அது தேய்ஞ்சிரும். வெறும் தண்ணியும் சத்தமும்தான் இருக்கும். ஒருநாள் உங்களுக்கே உங்க குரல் பிடிக்காமப் போகும்."

"உங்களுக்குப் போச்சா?"

"போச்சு."

"அப்ப ஏன் இருந்தீங்க?"

ஒன்பதாயிரம் பேருக்காக என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒன்பதாயிரம் பேரில் மாதத்துக்கு ஒருவர்கூட அவளைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. கேட்டது இவர்தான். அந்நிய நாட்டுக்காரர்.

படகுக்காரன் கீழேயிருந்து ஹார்ன் அடித்தான். அலை ஏறிக்கொண்டிருந்தது. அவள் கொடிக்கம்பத்தருகே போய் நின்றாள். இத்தனை நாள் தான் பட்ட தனிமையைத் தெரிந்தே இன்னொருவர் தலையில் இறக்கி வைப்பதா? வேலப்பனின் முகம் கண்ணில் வந்தது. அந்த முகத்தில் இவள் பெயர் இன்னும் எத்தனை நாளைக்கு? ஹார்ன் மறுபடி அடித்தது.

"நான் திரும்பி வருவேன்" என்றாள். "அவரைப் பார்த்துட்டு வருவேன். அப்புறம் ரெண்டு பேரா மாத்தி மாத்திப் பார்த்துக்குவோம்."

"வாங்க. வராட்டியும் பரவாயில்ல."

"வருவேன்" என்றாள். பிறகு ஒலிபெருக்கியிடம் திரும்பி, "நான் ஒப்புக்கொள்கிறேன்" என்றாள். அதனிடம் அவள் செந்தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நாட்டில் வசிக்கும் குடிமக்கள் அனைவரும் ஒப்புக்கொண்டனர்" என்றது சர்க்கார். "வெண்ணலுக்கு நல்வரவு, திரு. ரெஜினால்டு."

இயந்திரத்தில் எந்த வடிகட்டியை எப்போது மாற்றுவது, மோட்டார் முரண்டு பிடித்தால் எங்கே தட்டுவது என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்தாள். மழைநாளில் எந்த அறை ஒழுகும் என்று சொன்னாள். அவர் பாடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். அவள் ஏணியில் இறங்கி, அவர் வந்த படகிலேயே ஏறினாள். படகு விலகியதும் திரும்பிப் பார்த்தாள். வெண்ணலை வெளியிலிருந்து, ஆள் இருக்கும்போது, அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்னது. அதன் விளிம்பில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். படகுக்காரன் கையசைத்தான். அவளுக்குக் கை எழவில்லை.

வழியில், கப்பல் மாறும் இடத்தில், சற்குணம் கூப்பிட்டார். பெருந்தீவு கொந்தளித்துவிட்டதாம். ரெஜினால்டின் குடியுரிமை நாடகம், செல்லாது என்று அவசர மனு போட்டார்களாம். தன் குடிமகன் யார் என்பதை முடிவு செய்வது அந்தந்த நாட்டின் சொந்த விஷயம் என்று நீதிமன்றம் அன்றே தள்ளிவிட்டதாம். "அவர் குவார்ட்டர்ஸைப் பூட்டி சீல் வச்சுட்டாங்கம்மா. சாமானெல்லாம் தெருவுல கிடக்குதாம்" என்றார். உமையாள் உடனே மேடைக்குப் போன் போட்டாள். ரெஜினால்டு கறிவேப்பிலைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டார்.

தூத்துக்குடியில் இறங்கியதும் சத்தம் அவளை அறைந்தது. பேருந்து, ஆட்டோ, கோயில் ஸ்பீக்கர், நடந்துகொண்டே பேசும் ஜனங்கள். யார் மீதும் இடிக்காமல் நடப்பது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. வெண்ணல் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

மகள் வீடு மாடியில். நிறைமதி கதவருகிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். கூடத்தில் வேலப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, ஒழுங்காகச் சவரம் செய்த முகம். படத்தில் பார்த்ததைவிடச் சிறுத்திருந்தார். உமையாளைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார்.

"வாங்க, உட்காருங்க. அம்மாடி, யாரோ வந்திருக்காங்க பாரு. காபி போடு."

நிறைமதி வாயைத் திறந்தாள். உமையாள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகச் சிரித்தார். பள்ளிக்கு வரும் பெற்றோரைப் பார்த்து முன்பு சிரிக்கும் அதே சிரிப்பு.

"எந்த ஊர்லேர்ந்து வரீங்க?"

"வெண்ணல்லேர்ந்து."

அவர் முகம் மாறியது. நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"வெண்ணல்லயா? அங்க என் வீட்டுக்காரி இருக்கா. உமையாள்னு. நீங்க பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தேன்" என்றாள்.

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க."

"இளைச்சிருக்காளா? போன்ல சரியாத் தெரியறதில்ல. கேட்டா இல்லம்பா."

"கொஞ்சம் இளைச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியும். சமைக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு ரசம் சோறோட நிறுத்திக்குவா." அவர் தலையைக் குனிந்து விரல்களைப் பார்த்தார். "அவ ஒருத்தி அங்க இருக்கறதாலதான் நாங்கள்லாம் இங்க இருக்கோம். இவங்களுக்கு அது புரியாது. எனக்குச் சிலதெல்லாம் மறந்து போகுதுங்க. நீங்க திரும்பிப் போறப்ப அவகிட்ட சொல்லுங்க. அவளை மறக்கலைன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் உமையாள்.

சமையலறையில் பாத்திரம் எதுவோ விழுந்தது. நிறைமதி அதை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆனதும் வேலப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகம் கழுவித் தலைவாரிக்கொண்டார். கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்து, "இந்த நேரத்துக்கு அவ கூப்பிடுவா" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். உமையாள் எழுந்து, காற்றாட நின்றுவிட்டு வருகிறேன் என்று மொட்டைமாடிக்கு ஏறினாள். துணி காயப் போட்ட கொடிகளுக்கு நடுவே இடம் தேடி, பின்னால் வானம் மட்டும் தெரியும்படி நின்றாள். கைப்பேசியை எடுத்தாள். கூப்பிட்டாள்.

திரையில் வந்த அவர் முகம் மலர்ந்தது.

"உமா."

"ம்."

"ஏன் இவ்வளவு நேரம்? யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க, உங்க ஊர்லேர்ந்து. நல்லவங்களாத் தெரியுது. உன்னைப் பத்திச் சொன்னாங்க. நீ இளைச்சுப் போயிருக்கியாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"பொய் சொல்ற மாதிரி இல்ல. சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

"சாப்பிடு. அங்க துணைக்கு யாரும் இல்லையேன்னு எனக்குக் கவலை."

"இருக்காங்க. இன்னொருத்தர் வந்திருக்கார். நல்ல மனுஷன்."

"அப்ப சரி" என்றார் வேலப்பன். "அப்ப சரி. உமா, சாப்பிட்டியா?"

அவர் குரல் முதலில் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே குரல் கைப்பேசியில் வந்தது. கீழே வரை கேட்டுவிடாதபடி, உமையாள் கைப்பேசியை வாயருகே கொண்டுவந்து, மெல்லப் பதில் சொன்னாள்.